புது கௌபாய் படமும் பேசிவைத்த சம்பந்தமும்

காங்கேயத்திலிருந்து திருப்பூர் வந்த பஸ்ஸில், முன்சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்த தன் மச்சானிடம், "இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. மாப்பிள்ளைக்கு சினிமா பாக்கத் தெரியல" என்றார். நான் உடனே தூங்குவதுபோல் நடித்தேன். என் நடிப்பு மோசம், ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"நம்ம காலத்துக் கௌபாய் படத்தைப் புதுசா எடுத்திருக்கானுங்களே, அது பழசை விட நல்லாருக்குதாம். பழைய ஹீரோ கண்ணைச் சுருக்கினா வில்லனோட குதிரையே பின்னால போகுமுங்க. புது ஆளு சுட்டுப்போட்டு உக்காந்து அழுகறான்."

"மனுசன்னா அழுகத்தானுங்க செய்வான்."

"அதுல, ஹீரோ பனியன்ல கழுத்துப்பட்டி சுருங்காம நிக்குதுன்னு வேற மாப்பிள்ளை மெச்சிக்கறான். பனியன் கம்பெனியில துணி வெட்டற கட்டிங் மாஸ்டராமா. நடிப்பைப் பாக்காம தையலைப் பாக்கறவனுக்கு எப்படீங்க எம் பொண்ணைக் குடுக்கறது?"

"பாப்பா என்ன சொல்லுது?"

"அவளும் அவன் பாட்டையே பாடறாளுங்க. ஹீரோ அழுகறப்ப தியேட்டரே அழுதுச்சாம்."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "பாப்பா யாருகூடங்க படத்துக்குப் போச்சு?"

நல்லூர் தாண்டியதும் பெரியவர் மெதுவாகச் சொன்னார்:

"ஆவணியிலயே முகூர்த்தம் பாத்திரலாமுங்க மச்சான்."