‘கூப்பிடாதே, குடு!’ என்ற அக்காவுக்குப் பணி ஓய்வு வாழ்த்து மடல்

பன்மொழி கற்றும் பணிவு குன்றாப் பெருந்தகையே! பிழை கண்டு பதறாத பேருள்ளமே! பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் இம்மூன்றாம் மாடியில், ஏசியின் குளிரையும் எங்கள் ஏச்சையும் ஒருசேரத் தாங்கிய ஏற்றமிகு அக்காவே! வணக்கம்.

பழைய கணினி மொழியை விட்டுப் புதியதற்கு நாம் குடிபெயர்ந்த வாரத்தை மறப்போமா? ஒரு வேலையைச் செய்யும் ‘பங்ஷன்’ என்னும் கட்டளைத் தொகுப்பை இன்னொரு பங்ஷன் கையில் கொடுத்து, ‘நேரம் வரும்போது ஓட்டு’ என்று சொல்லிவைப்பது நம் வழக்கம். பழைய மொழியில் பெயரை மட்டும் எழுதினால் அது பதவிசாகக் கைமாறும். புதிய மொழியிலோ பெயரைச் சொன்னாலே அங்கேயே ஓடித் தொலைக்கும். நம் குழுத்தலைவர் ‘புயல்’, பழக்கதோஷத்தில் பெயரை மட்டும் எழுதிவிட்டார். ‘பல் பிடுங்கியாகிவிட்டது, சூடாக எதுவும் சாப்பிடாதீர்கள்’ என்று சிகிச்சைக்குப் பின் போக வேண்டிய குறுஞ்செய்தி, மருத்துவமனைகளில் காத்திருந்தோர் அனைவருக்கும் பறந்தது. “நான் இன்னும் வாயையே தொறக்கலையே!” என்று ஒரு பெரியவர் போனில் அலறினார்.

ஆளுக்கொரு பக்கம் நாங்கள் புயலைக் கடித்துக் குதற, தாங்களோ நாற்காலியை இழுத்துப் போட்டு அவரருகே அமர்ந்தீர்கள். “தம்பி, அதைக் கூப்பிடாதே, குடு! இந்த மொழில பேரை மட்டும் எழுதினா கூப்பிட்ட மாதிரி; ‘இது குடுக்கத்தான், ஓட்ட இல்லை’ன்னு சேர்த்து எழுதணும். அப்பதான் சும்மா இருக்கும்” என்றீர்கள். சற்று நேரத்தில் புயல் கரையைக் கடந்தது.

ஆனால் அக்கா, அந்தப் புது மொழியின் குணம் தங்களுக்கும் உண்டு. பெயரைச் சொன்னாலே ஓடி வருவீர்கள்! விடுப்பில் இருந்தாலும் நாங்கள் விட்டதில்லை. மகளின் பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு எங்கள் பிழையைத் திருத்தினீர்கள். பேத்தி பிறந்த சேதியை நர்ஸ் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இதோ, முன்வரிசையில் இருக்கும் அம்மகள் நேற்று எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இனிமேலாவது எங்கம்மாவை எங்களுக்கு விட்டுடுவீங்களா?”

விட்டுவிட்டோம்! அவையறிய வாக்களிக்கிறோம்: தங்கள் பெயரை நாள்தோறும் சொல்வோம், கூப்பிட மாட்டோம். பேத்தியின் பால்பல் முளைப்பதையும் விழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்து, நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க!

இம்மடலில் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்தருள்க. சரிபார்க்கத் தங்களை அழைக்கப் போன புயலின் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டோம்.

தாங்களின்றித் தட்டுத் தடுமாறவிருக்கும்,
மூன்றாம் மாடித் தம்பி தங்கையர்