ரொட்டி தின்னாத வான்கோழிக் குஞ்சு

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதற்கு மறு ஆண்டு, ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தேக்காவில் ஏறினேன். முன் இருக்கையில், துரை வீட்டுச் சமையல்காரர் ஒருவர் மடியில் கூடையுடன், பக்கத்திலிருந்த கோழிக்காரம்மாளிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

“வெண்ணெய் தடவி ரொட்டி வச்சேன் அக்கா. தொடவே மாட்டேங்குது.”

“வான்கோழிக் குஞ்சுக்கா? யாருய்யா ரொட்டி வைக்கச் சொன்னது?”

“மலாய்க்காரங்க ஆயாம் பெலாண்டான்னுதானே சொல்றாங்க? வெள்ளைக்காரன் கோழி. சோறா தின்னும்?”

“கத்தி, முள்கரண்டி வச்சீங்களா?”

“சிரிக்காதீங்க அக்கா. மத்ததெல்லாம் செத்துப்போச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். கிறிஸ்துமஸுக்கு வளர்த்துக் காட்டுறேன்னு துரைகிட்ட சொல்லிட்டேன். இதுவும் போச்சுன்னா வேலையும் போச்சு.”

“தாயில்லாத குஞ்சு, அதுக்குக் கொத்தவே தெரியாது. பக்கத்துல ஒண்ணு தின்னாத்தான் பார்த்துத் தின்னும்.”

கோழிக்காரம்மாள் தம் சாப்பாட்டு மூட்டையிலிருந்த அவித்த முட்டையை உதிர்த்து, சமையல்காரரின் கூடைக்குள் இருந்த வான்கோழிக் குஞ்சின் முன் தூவினார். தம் கூடையிலிருந்து ஒரு கோழிக்குஞ்சை எடுத்து உள்ளே விட்டார். அது டொக் டொக்கென்று கொத்தியது. வான்கோழிக் குஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்தது. டிக்கெட் கொடுப்பவரும் எட்டிப் பார்த்தார்.

“கொத்திடுச்சு! அக்கா, கொத்திடுச்சு!”

வண்டி முழுவதும் ஆரவாரம்.

“சரி, என் குஞ்சைக் கொடுங்க. இறங்கணும்.”

“அய்யோ, இது எங்க வாத்தியாரு! விட மாட்டேன்.”

“வாத்தியாருக்குச் சம்பளம்?”

“தினமும் வெண்ணெய் தடவின ரொட்டி!”