கோழிக்கடை இளவரசனுக்கு ஒரு கஷாயம்

ஹலோ... ஹலோ, கிபோம்? நான்தான்டா, ஜேஹா அம்மா. சுன்சன்லேருந்து... ஆமா ஆமா, கோழிக்கடை அம்மாவேதான்... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். எங்க நல்லா இருக்கேன்! கைகால் ஓடாம உக்காந்திருக்கேன். ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்டா...

இல்ல இல்ல, ஜேஹாவுக்கு ஒண்ணும் இல்ல. பட்டாளத்துலேருந்து லீவுல வர்றான். ஹ்வாச்சன்ல பஸ் ஏறிட்டேன்னு இப்பதான் செய்தி போட்டான். அதான், அவன் வந்து சேர்றதுக்குள்ள... நீ ஏன் குசுகுசுன்னு பேசற? சத்தமா பேசு, ஒண்ணும் கேக்கல...

எங்க இருக்க?... பொண்ணு வீட்டுலயா! இன்னிக்குத்தான் அவங்க அப்பா அம்மாவ முதல் தடவையா பாக்கப் போயிருக்கியா? அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லல பாரு... நல்ல மாதிரியா?... சரி சரி, அப்ப வெச்சிடறேன்... இல்ல, வெக்காத! வெக்காதடா! வெச்சேன்னா நான் நேரா அங்கயே வந்து நிப்பேன். பாத்ரூம் எங்கன்னு கேளு. வயித்து வலின்னு சொல்லு. உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்க...

போயிட்டியா?... குழாயத் தொறந்து விடு. பேசற சத்தம் வெளிய கேக்காது... ம். இப்பக் கேளு.

அவன் பட்டாளத்துக்குப் போறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "அம்மா, தினமும் கம்ப்யூட்டர்ல என் விளையாட்டத் தொறந்து வருகை முத்திரைய மட்டும் குத்திடு. வேற எதையும் தொடாத"ன்னான்... ஆமா, நீ பட்டாளத்துல இருந்தப்ப உங்க அம்மாவும் உனக்குக் குத்தினாங்க, தெரியுமே. நாங்க ரெண்டு பேரும் சந்தையில பாத்தா அதத்தான் பேசுவோம். ஒரு நாள் விட்டதில்ல கிபோம். கடையில எத்தனை கூட்டம் இருந்தாலும் மாடியேறி வந்து குத்திட்டுத்தான் இறங்குவேன்...

ஆமா. ஆமா. இன்னிக்குக் குத்தினதும் ஒரு பரிசு வந்துச்சு. படத்துல ஒரு பழுப்புப் பை. நம்ம மூலிகை வைத்தியர் கஷாயம் காய்ச்சிப் பையில ஊத்தி ஒட்டிக் குடுப்பாரே, அச்சு அசலா அதே பை. என் கண்ணாடி கீழ கல்லாவுல கெடந்துச்சு. எறங்கிப் போயி எடுத்துட்டு வர சோம்பல். சரி, புள்ள களைச்சுப் போயி வர்றான், விளையாட்டுல இருக்கற அவனோட ஆளும் ஒரு வருஷமா அந்த ஊர் வாசல்லயே கால் கடுக்க நிக்கறானேன்னு... குடிக்க வெச்சுட்டேன்...

சிரிக்காத... சிரிக்காதடா சொல்றேன்! நிச்சயமான்னு கேட்டுது. ஆமான்னேன். நல்லா யோசிச்சீங்களான்னு கேட்டுது. ஆமான்னேன். இத்தனை மாசமா அது என்ன கேட்டாலும் ஆமான்னுதானே அழுத்திக்கிட்டு இருக்கேன்...

ஓ, அதுக்குப் பேரு மறதிக் கஷாயமா? நல்ல பேரு. இப்ப கண்ணாடி போட்டுத்தான் பாக்கறேன். எல்லாம் போச்சு. வாள் பூஜ்ஜியம். நெருப்பு பூஜ்ஜியம். ஏழு வருஷம் பாத்துப் பாத்து வளத்த வாள்மந்திரவாதி, பொறந்த குழந்தையாட்டம் முழிக்கறான். தலைக்கு மேல மட்டும் "கோழிக்கடை இளவரசன்"னு பேரு பளபளன்னு மின்னுது. ஓரத்துல நூத்தியிருபது புள்ளி, திரும்பப் பங்கு போடுங்கன்னு சொல்லுது...

என்னது, ஒரு தடவைதானா? சேமின்னு அழுத்திட்டா மாத்தவே முடியாதா?... அய்யோ. நான் இன்னும் எதையும் தொடல. சத்தியமா தொடல.

அவன்கிட்டயே கேளுன்னா? எப்படிடா கேக்கறது! நாளைக்கு நீங்க நாலு பேரும் அந்த இரும்புதின்னிய வேட்டையாடப் போறீங்களாமே. மாசக்கணக்கா போன் பண்றப்பல்லாம் அதே பேச்சு. அவன் இந்த வாள்மந்திரவாதியத்தான் நம்பி வர்றான். இங்க பாரு கிபோம், ஒரு வருஷமா அவன் சாப்பிட்டானா, போத்திக்கிட்டுத் தூங்கினானா, எதையும் என்னால பாக்க முடியல. இவன் ஒருத்தனத்தான் என் கையில குடுத்துட்டுப் போனான். இவனையும் கெடுத்துட்டேன்னு நான் எந்த வாயால சொல்றது... ம்... ம்... அழல. சொல்லு நீ.

முதல்ல வாள். எத்தனை?... நாப்பதா? எதுக்கு அவ்வளவு? அந்தப் புல்கசாரி, அதான் இரும்புதின்னி, இரும்பக் கண்டா விடாதே. அந்தக் கதைய சின்ன வயசுல அவனுக்குச் சொன்னதே நான்தான். ஊசியில ஆரம்பிச்சு, கலப்பையத் தின்னு, ராஜாவோட வாளையெல்லாம் தின்னு மலை மாதிரி வளந்துடும். வாள ஓங்கினா லபக்குன்னு வாங்கித் தின்னுடாதா?... ஓ... வழியில வர்ற மத்ததுங்களுக்கு வாள் வேணும். ஒன்பது வாலு நரிக்கு... ம், ம்... வெட்ட வெட்டத்தான் மந்திர சக்தி ஊறுமா? ஊறினத சேத்து வெச்சு இரும்புதின்னி வர்றப்ப மந்திரமா போடணும்... அட, புரியுதுடா! அடுப்பு எரிஞ்சாத்தானே கல்லு சூடாகும். வெறும் மந்திரவாதின்னா சக்தி இல்லாம கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும். வெறும் வாள்காரன்னா இரும்புதின்னிக்கு மதியச் சாப்பாடு. அதான் இவன் ரெண்டும் கலந்தவன். சரி. வாள் நாப்பது. போட்டாச்சு.

இரு கிபோம், கடையில வேலை செய்யற சுனோக்கு கீழேருந்து கூப்பிடறா. என்ன சுனோக்கு?... கோஸா? நீயே நறுக்கிடு!... நான் வேலையா இருக்கேன்!... என்ன வேலைன்னு சொன்னா உனக்குப் புரியாது!

ம், சொல்லு. மிச்சம் எண்பது... எண்பதையும் நெருப்புலயா? இல்லடா... இல்லவே இல்ல. நெருப்பு இல்ல. நான் பாத்திருக்கேன். பேரிக்காய் நறுக்கி எடுத்துட்டு வந்து இந்த ரூம் வாசல்ல எத்தனை நாள் நின்னிருக்கேன், "அம்மா ஒரு நிமிஷம், அம்மா ஒரு நிமிஷம்"னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அவன் கையிலேருந்து நெருப்பு வந்து நான் பாத்ததே இல்ல. நீலமா ஒரு வட்டம் போடுவான் தரையில. நீங்க மூணு பேரும் எலி மாதிரி அதுக்குள்ள ஓடி வந்து ஒளிஞ்சுக்குவீங்க...

அந்த நெருப்பு உன்னுதுடா! நீ போட்டது! அவன் முதுகுக்குப் பின்னாடி நின்ன உனக்கு அவன் என்ன பண்ணான்னு எப்படித் தெரியும்?... யோசி, நல்லா யோசி... பாத்தியா. பாத்தியா! காவல் வட்டம். இங்க இருக்கு. நீலப் படம். இதுக்குத்தான் எண்பதும் போட்டிருப்பான்.

இரு. இது என்ன பண்ணும்? சின்ன எழுத்துல என்னமோ இருக்கு... ம்... உள்ள நிக்கறவங்க மேல விழற அடி எல்லாம்... யாரு மேல?... போட்டவன் மேலயா? மூணு பேரு அடியும் அவன் ஒருத்தன் மேலயா! ஏழு வருஷமா இதத்தான் பண்ணிக்கிட்டு இருந்தானா? நான் ஏதோ அழகா கோலம் போடறான்னுல்ல பாத்துக்கிட்டு நின்னேன்...

என்ன? அவன் எப்பவும் அப்படித்தான், கையும் அப்படித்தான் போச்சுன்னா?... கை?

எந்தக் கை?

கிபோம். குழாய மூடு. இப்ப சொல்லு, எந்தக் கை?... சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கானா? உன் சத்தியத்தத் தூக்கிக் குப்பையில போடு. சொல்லு...

ம்... லாரியிலேருந்து... பெட்டியெல்லாம் சரிஞ்சு... கீழ புதுசா வந்த பையன் நின்னானா... இவன் அவனத் தள்ளி விட்டுட்டு... ம்... வலது கையா? எலும்பா?... எத்தனை விரல்?...

எப்ப?... மூணு வாரமாச்சா! மூணு வாரமா "சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா"ன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னானே! முகத்தக் காட்டுடான்னா சிக்னல் இல்லன்னான். அப்ப இது கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடி குடுத்த லீவா? உனக்குத் தெரியும். மத்த ரெண்டு பேருக்கும் தெரியும். பெத்தவ ஒருத்திக்குத்தான் தெரியாது. நல்லா இருக்குடா உங்க நியாயம்...

எனக்குக் கவலை குடுக்கக் கூடாதுன்னா? யாரு கேட்டா? கவலைப்படறதுக்குத்தான் நான் இருக்கேன்...

இரு, பேசாத. நான் இங்க ஒண்ணு பாக்கறேன்... கடைசியில ஒரு ஓரமா ஒரு கால் படம் போட்டிருக்கே. பின்பாய்ச்சல். அப்படின்னா என்ன?... ஆபத்து வந்தா பின்னால எகிறிக் குதிச்சு ஓடிடறதா... நல்லது... யாரும் போட மாட்டாங்களா? வேட்டைக்காரனுக்கு வெக்கமா? வெக்கம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். யாரும் போடாததத்தான் என் புள்ளைக்குப் போடணும். இதோ... எண்பதும் இதுலதான். ஏறுது பாரு, ஏறுது...

கத்தாத! பொண்ணு வீடு, ஞாபகம் இருக்கட்டும்... வட்டம் இல்லன்னா நீங்க மூணு பேரும் செத்துடுவீங்களா? சாவுங்க. ஊருக்குப் போயி மறுபடியும் எழுந்திருப்பீங்க இல்ல? விளையாட்டுதானே. எழுந்து தூசிய தட்டிக்கிட்டு வாங்க. இவன் ஒரு தடவையாவது முன்னாடி நிக்காம இருக்கட்டும். ஒரே ஒரு தடவை ஓடட்டும்டா...

யாரு தட்டறது?... அவங்க அம்மாவா? மருந்தா? வாங்கிக் குடி. குடிடா, நல்ல மனுஷி, உனக்காகக் கொண்டு வந்திருக்காங்க... கசக்குதா? கசக்கட்டும்.

சேமி எங்க இருக்கு... மேலயா, கீழயா... நீ சொல்லாட்டி நானே தேடிக்குவேன்...

சுனோக்கு, என்ன சத்தம் கீழ?... யாரு?... அதுக்குள்ளயா!

கிபோம், வந்துட்டான். படியேறி வர்றான். வெக்காத, அப்படியே இரு...

வாடா... வா. நில்லு அங்கயே. கைய காட்டு... அந்தக் கை இல்ல. பின்னால ஒளிச்சு வெச்சிருக்கியே, அந்தக் கை... ஒண்ணும் இல்லியா? கழுத்துல தூளி கட்டித் தொங்குது, ஒண்ணும் இல்லியாம். ஏன்டா இப்படி எளைச்சிருக்க... வலிக்குதா?... பொய் சொல்லாத... இப்படியா? தொட்டா?... சரி, தொடல.

அந்தப் பையன் எப்படி இருக்கான்?... அதான்டா, நீ தள்ளி விட்டியே... கீறல் கூட இல்லியா... ம். அவனுக்கு அம்மா இருக்காங்களா?... உனக்குப் போன் பண்ணாங்களா? என்ன சொன்னாங்க?... ஒண்ணும் பேசலியா. அழுதுக்கிட்டே இருந்தாங்களா...

ம்.

ம். சரி.

அது ஒண்ணும் இல்லடா, சும்மா தொறந்து வெச்சிருந்தேன். பாக்காத. அட, பாக்காதன்னா... ஆமா, நான்தான். கஷாயம் குடுத்துட்டேன். எல்லாம் அழிஞ்சு போச்சு. திட்டணும்னா திட்டு... ஏன்டா சிரிக்கற? எண்பதும் பின்பாய்ச்சலா இருந்தா என்ன இப்ப? நல்லாத்தானே இருக்கு... மாத்தணுமா. வட்டத்துலயேவா... தெரியும், தெரியும், நீ அப்படித்தான் சொல்லுவ.

நீயே மாத்திக்க, எனக்கு மனசு வரல... ஓ. மவுஸ் பிடிக்க முடியாதில்ல. நானா அழுத்தணும்?... நாளைக்கும் நானா! உன் பக்கத்துல உக்காந்து, நீ சொல்லச் சொல்ல... இரும்புதின்னிய நானாடா வேட்டையாடறது? எனக்குக் கோழி வெட்டத்தான் தெரியும்... சரி. சரிடா. நான் பண்றேன். நீ முதல்ல கீழ போயி சாப்பிடு, சுனோக்கு கோழிய கல்லுல போட்டாச்சு, வாசனை வருது பாரு. இடது கையால சாப்பிடுவியா? ஊட்டி விட... சரி சரி, போ. கேக்கல.

கிபோம்... இருக்கியா?... அழறியா நீ? எதுக்குடா அழற, மருந்து கசப்பா?... ம். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா.

எடுத்துட்டேன் பின்பாய்ச்சல்லேருந்து. வட்டத்துல போட்டுக்கிட்டே இருக்கேன்... ஏறுது... அந்த அம்மா போன்ல அழுதாங்களாம் கிபோம். இவன் ஓடியிருந்தா அவங்க வேற மாதிரி அழுதிருப்பாங்க. எனக்குப் புரியாம இல்ல. புரிஞ்சா மட்டும் வயிறு எரியாம இருக்குமா...

சேமிச்சாச்சு. நிச்சயமான்னு கேட்டுது. இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் படிச்சுட்டுத்தான் ஆமான்னேன்.

நாளைக்கு நீங்க மூணு பேரும் வட்டத்துக்குள்ள ஒழுங்கா நில்லுங்க, அங்க இங்க ஓடினீங்கன்னா தெரியும் சேதி... ம், ம். போ, போயி பொண்ணோட அப்பா பக்கத்துல உக்காரு, வேணும் வேணும்னு கேட்டு வாங்கிச் சாப்பிடு...

டேய், டேய், ஒண்ணு. எழுபத்தொன்பதுதான் வட்டத்துல போட்டேன். ஒரு புள்ளி மட்டும் பின்பாய்ச்சல்ல விட்டு வெச்சிருக்கேன். அவனுக்குத் தெரியாது, நீயும் வாயத் தொறக்காத... ஒரு புள்ளிக்கு ஒரு அடிதான் பின்னால குதிப்பானா?

ஒரு அடி போதும்டா. எப்ப குதிக்கணும்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் கை என்னுதுதானே.

வெக்கறேன்.