சவ்வின் மின்தடையைச் சரியாக அளந்த அஃப்கே வியர்டா அம்மையாருக்கு

லேவார்டன் நீராய்வுக் கூடத்தில் முப்பத்தோராண்டு முகம் வாடாது உழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் மூத்தவரே! எண்களிடமும் எங்களிடமும் நேர்மை பிறழாத எங்கள் அஃப்கே அம்மையே! வணக்கம்.

மின்சாரத்தால் உப்பை ஈர்த்து, சவ்வுகளின் வழியே பிரித்து, உவர்நீரை நன்னீராக்கும் ஆலைகளைக் கணினிக்குள் முதலில் ஓட்டிக் காட்டியவர் தாங்கள். ஆலை எழுமுன்னே அது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று தங்கள் கணிப்பு சொல்லும், சொன்னபடியே நடக்கும். நடக்காமற்போனது ஒரே ஒருமுறை. அதற்காகவே தங்களை இன்று அதிகம் பாராட்டுகிறோம்!

வடகடல் தீவில் எழுந்த ஆலை, கணிப்பைப்போல் இருமடங்கு மின்சாரம் தின்றது. ஆலையை மூடிவிட்டுப் படகில் தண்ணீர் கொண்டுவரலாம் என்றது தீவு மன்றம். பழியெல்லாம் சவ்வு செய்து தந்த ஹைல்கேயின் சிறு பட்டறை மேல் விழுந்தது. பதினான்கு பேரின் பிழைப்பு அது.

தாங்களோ அச்சவ்வுகளை வாங்கிவந்து ஆறு வாரம் அளந்தீர்கள். உப்பு மிகுந்த நீரில் சவ்வின் மின்தடை கணிப்பில் உள்ளபடியே இருந்தது. உப்பு குறையக் குறையத் தடை எகிறியது. ஆலையின் கடைசிப் பகுதியிலோ உப்பு மிகக் குறைவு. கணிப்பிலோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண்!

மன்றத்தில் எழுந்து நின்றீர்கள். "சவ்வு மேல தப்பில்லீங்க. தடை எங்கயும் ஒண்ணுதான்னு எண்ணைப் போட்டது நான்தான்."

அருகிருந்த நம் இயக்குநர் ரைன்டர் தங்கள் கையைப் பற்றி, "உக்காரு அஃப்கே, உன் வேலைக்கே உலை வெச்சுக்காத" என்று கிசுகிசுத்தார்.

"உக்காந்தா எண்ணு மாறிடுமா?" என்றீர்கள், மன்றம் முழுதும் கேட்க. பின்வரிசையில் ஹைல்கே முகத்தைக் கைகளில் புதைத்து அழுதார்.

திருத்திய கணிப்பின்படி கடைசிப் பகுதியில் சவ்வுகளைக் கூட்டி, மின்னோட்டத்தைத் தணித்தோம், மின்செலவு இறங்கியது. ஆலை மீண்டும் ஓடிய காலை, முதல் குவளையைக் குடித்த மீனவர் சீபே முகம் சுளித்தார்: "என்னம்மா இது, ஒரு ருசியுமே இல்ல!"

"அப்பாடா!" என்று தாங்கள் சிரித்த சிரிப்பில் படகுத்துறையே அதிர்ந்தது.

அன்றுதொட்டு இக்கூடத்தில் யாரும் பிழையை ஒளித்ததில்லை. சென்ற செவ்வாயன்றுகூட இருவர், கேட்குமுன்னே வந்து தத்தம் தவற்றைச் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் காபி குடிக்கப் போனார்கள்.

அம்மையே! வாரநாள் காலையிலும் ஏரியில் தங்கள் பாய்மரம் விரியட்டும். முழங்கால் வலி விலகட்டும். முதுமை மெல்ல நடந்து வரட்டும். நலமும் நகைப்பும் நெடுநாள் தங்களோடிருக்க நெஞ்சார வாழ்த்துகிறோம்!

தங்களிடம் அச்சமின்றித் தவறு சொல்லப் பழகிய,
நீராய்வுக் கூடத்துப் பணியாளர் அனைவரும்
லேவார்டன்