எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டிய பங்கிராஸ்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆவூர்ப் பங்குச் சாமியார் அவர்களே! பதினைந்து ஆண்டுகளாக என்னை எதிர்த்துத் தேர்தல் வேலை பார்த்துவிட்டு, இன்று என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் நண்பர் சிவசாமி அவர்களே! கணவர் பங்கிராஸை இழந்து முன்வரிசையில் வாடி அமர்ந்திருக்கும் ஜெபமாலையம்மாள் அவர்களே! திடல் கொள்ளாமல் சாலைவரை நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் பெரியகருப்பனின் வணக்கம்.

அழத்தான் வந்தேன். உங்களைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்கிறதே! இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஜமக்காளத்தில் இருக்கிறீர்கள். பர்மாவிலிருந்து வந்த பன்னிரண்டு குடும்பங்களும் உங்கள் நடுவே இருக்கின்றன. எந்த மந்திரி கூட்டிய கூட்டம் இது? எந்தத் தலைவர் கூட்டிய கூட்டம்? கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பிழைத்த நம் மைக்செட் பங்கிராஸ் கூட்டிய கூட்டம் ஐயா, இது!

ஒரு உண்மையைச் சொல்கிறேன். அறுபத்திரண்டாம் ஆண்டுத் தேர்தலில் இதே திடலில் சிவசாமி பேசிக்கொண்டிருந்தபோது, திடீரென்று மைக் ஊமையானதே, நினைவிருக்கிறதா? ஒயரை அறுத்தவன் நான்தான்! சிவசாமி அவர்களே, முறைக்காதீர்கள். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடை ஏறினேன்.

மறுநாள் எங்கள் கூட்டம். பங்கிராஸ் வரமாட்டார் என்று நினைத்தேன். நாலு மணிக்கெல்லாம் வந்து குழாய் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

"ஏம்ப்பா, நேத்து அறுத்தது யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ங்க. நீங்கதான்."

"தெரிஞ்சுமா வந்த?"

"ஒங்க பேச்சும் ஊருக்குக் கேக்கணும்ல? அவுக பேசுனதையும் கேக்கட்டும், நீங்க பேசுறதையும் கேக்கட்டும். அப்பறம் சனம் முடிவு பண்ணட்டுங்க."

இப்படி ஒரு மனிதரை நான் எங்கே பார்ப்பேன்?

இதைவிடப் பெரிய காரியம் சென்ற ஆண்டு நடந்தது. பர்மாவில் கடைகண்ணி எல்லாம் பறிபோய், கப்பலேறி வந்த நம்மூர் ராக்கனும் மற்றவர்களும் கண்மாய்க்குத் தெற்கே கொட்டகை போட்டார்கள். ராக்கனின் மனைவி மா டின், பர்மாவிலேயே பிறந்த பர்மியப் பெண். நாம் என்ன செய்தோம்? "சப்பை மூக்குக்காரி" என்றோம். ஊர்க் கிணற்றில் அவர் குடத்தை வைக்க விடாமல் விரட்டினோம். நம்மோடு பேசக்கூட அஞ்சிய சகோதரி, கைக்குழந்தையோடு மூன்று மைல் நடந்து தண்ணீர் சுமந்தார். இரு கட்சித் தலைவர்களும் வாய் திறக்கவில்லை. பேசினால் ஊரார் ஓட்டுப் போய்விடுமாம்! அந்த வாய் திறக்காதவர்களில் நானும் ஒருவன்.

பங்கிராஸ் நேராக என்னிடம் வந்தார். "வெள்ளிக்கெழம ஒங்க கூட்டத்துல அந்தப் பொண்ணு அஞ்சு நிமிசம் பேசணும். இல்லைன்னா மைக் கெடையாதுங்க" என்றார்.

"என்னய்யா மெரட்டுறியா? புதுக்கோட்டையில வேற செட்டே இல்லியா?" என்று கத்தினேன்.

"தாராளமா கொண்டாங்க. சிவசாமி ஐயாகிட்டயும் இதத்தான் சொல்லிட்டு வாரேன். அவுகளும் இதேதான் கத்துனாக."

அவர் பிழைப்பே போயிருக்கும்! தெரிந்துதான் செய்தார். இரண்டு நாள் வீறாப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மா டின் மேடை ஏறினார். கூட்டத்தில் கேலிச் சிரிப்பு. மைக்கைப் பிடித்தார். "என் வீட்டுக்காரர் ஊரு இது. என் புள்ள ஊரும் இதுதான். அங்க எங்கள இந்தியாக்காரன், போன்னு சொன்னாங்க. இங்க பர்மாக்காரி, போன்னு சொல்றீங்க. நாங்க எங்க போறது?" என்றார். சிரிப்பு அடங்கியது.

அப்போது எழுந்தார் மருதாயி! யார் அவர்? கிணற்றடியில் முதலில் விரட்டியவரே அவர்தான். விறுவிறுவென்று வந்து, "எறங்கு தாயி, எங்கூட வா. கொடத்த எடு" என்று மா டின் கையைப் பிடித்தார். பெண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். கூட்டம் முழுவதும் கிணற்றடிக்கு நகர்ந்தது. மேடையில் நான் ஒருவன்தான் மிச்சம். என் அரசியல் வாழ்க்கையில் ஆள் இல்லாத மேடையில் நின்று ஆனந்தப்பட்டது அன்று ஒரு நாள்தான்!

அந்த மனிதரைத்தான் இழந்துவிட்டோம். சென்ற மாதம் ஐயனார் கோயில் விழாவுக்குக் குழாய் கட்ட மரமேறியவர், கிளை முறிந்து விழுந்தார். லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தோம். தலையைச் சிவசாமி மடியில் ஏந்தினார், காலை நான் பிடித்திருந்தேன். மா டின் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். "பட்டா மனு சட்டைப் பையில இருக்கு. ரெண்டு பேரும் சேந்து போங்க" என்றார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு. புதுக்கோட்டை எல்லையைத் தொடும் முன்பே போய்விட்டார்.

பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மனைப் பட்டா கேட்டு அவரே எழுதிய மனு இதோ என் கையில்! முதலில் நான் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே சிவசாமி. அதன் கீழே மருதாயியின் கைநாட்டு. சற்று முன்பு சகோதரி மா டின் தம் மொழியில் பெயரை எழுதியிருக்கிறார், வட்ட வட்டமாக. நமக்குப் படிக்கத் தெரியாது. தாசில்தாருக்கும் தெரியாது. கேட்டால் என்ன சொல்வீர்கள்? எங்கள் ஊர்க்காரர் கையெழுத்து என்று சொல்லுங்கள்!

நாளைக் காலை எட்டு மணிக்குத் தாலுகா ஆபீசுக்குப் புறப்படுகிறோம். கொடிகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பட்டா வாங்காமல் நாங்கள் திரும்பப் போவதில்லை, பங்கிராஸ் அவர்களே!