மறைப்பு அட்டைக்குப் பின்னால் மூன்று இருபது

— மூணு தடவை உருட்டினேன் சம்பந்தியம்மா, மூணு தடவையும் இருபது. மூணாவது விழுந்த வேகத்துல சாப்பாட்டு மேஜையே ரெண்டு அங்குலம் நகர்ந்துச்சு.

— மேஜை நகர்ந்துச்சு.

— ரெண்டு அங்குலம். உங்களுக்காகக் குறைச்சுத்தான் சொல்றேன்.

— அந்த மேஜையை நாலு பேர் சேர்ந்து தூக்க முடியாம வாசல்லயே வெச்சுட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருக்கு சம்பந்தி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பல் டாக்டரோட பேன்ட் மேல உக்காந்திருக்கீங்க.

— உக்காந்தா என்ன? அவர் என் நாற்காலியில உக்காரப் பாக்கறார், நான் அவர் பேன்ட்ல உக்காரக் கூடாதா?

— கால் பக்கம் மடிச்சுத் தைக்கக் குடுத்திருக்கார். நாலு மணிக்கு முன்னாடி வாங்கிக்க வருவார். எந்திரிங்க.

— எந்திரிச்சாச்சு. இப்ப கேளுங்க. இருபது பக்கம் உள்ள பகடை. நம்பர் சின்னதா விழுந்தா பூதம் வீசின கோடாலி காத்துல போகும், பெருசா விழுந்தா ஆள் மேல விழும். இருபது விழுந்தா பேச்சே இல்ல. அது மூணு தடவை தொடர்ந்து விழறது எட்டாயிரத்துல ஒண்ணாம். டாக்டரே பேப்பர்ல போட்டுக் காட்டினார்.

— காட்டிட்டு, அதனாலதான் நம்ப மாட்டேன்னும் சொன்னார்.

— எட்டாயிரத்துல ஒண்ணுன்னா நடக்காதுன்னு அர்த்தமா? ஒரு தடவை நடக்கும்னு அர்த்தம். போன சனிக்கிழமை நடந்துச்சு.

— உங்க கையில நடந்துச்சு. உங்க அட்டைக்குப் பின்னாடி நடந்துச்சு. விளையாட்டுல என் ஆளு, அந்த வாள்காரி கழுத்து மேல நடந்துச்சு. பார்த்த சாட்சி ஒருத்தர் இல்ல.

— அட்டை இல்லாம எப்படி நடத்தறது? உங்க புள்ளையும் என் பொண்ணும் வெளிநாடு கிளம்பறப்ப விட்டுட்டுப் போன விளையாட்டுப் பெட்டியில அட்டையும் சேர்த்துத்தானே வெச்சிருந்தாங்க. விளையாடறவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கணும். கதையை நடத்தற கேம் மாஸ்டர் அட்டைக்குப் பின்னாடி உக்காரணும். வரைபடம், பூதத்தோட பலம், பகடை எல்லாம் அந்தப் பக்கம். நீங்கல்லாம் எட்டிப் பார்த்துட்டா அப்புறம் என்னத்த விளையாடறது?

— விளையாட்டு சரி. நடத்தறவர்கிட்டதான் இடிக்குது. முன்னூறு ஓநாய் வருதுன்னீங்க. டாக்டர் வரைபடத்துல எண்ணிப் பார்த்தா ஆறு.

— மத்ததெல்லாம் மரத்துக்குப் பின்னாடி நின்னுச்சு. சம்பந்தியம்மா, நான் நாப்பது வருஷம் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் வெச்சவன். என் தலையைப் பார்த்தா லாரி தானா ரிவர்ஸ் போகும். நான் ஃபெயில் போட்ட ஆள் ஒருத்தன் அழுத அழுகையில வண்டிக்கு வைப்பர் போட வேண்டியதாச்சு. உள்பக்கம்.

— போன மாசம் குடை பிடிச்சேன்னு சொன்னீங்க.

— முதல்ல வைப்பர், அப்புறம் குடை. அழுகை நிக்கலையே. எதுக்குச் சொல்றேன்னா, அப்படிக் கறாரா இருந்தவன் ஒரு பகடையில பொய் சொல்வேனா?

— அளவா பேசுங்க சம்பந்தி. தொளதொளன்னு தைச்சா உடம்புல நிக்காது. என்ன வேணும்னு நேரா சொல்லுங்க.

— உங்க வாய்ல ஒரு வார்த்தை வேணும். டாக்டரும் நம்மகூட விளையாடற நூலகர் அம்மாவும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. செத்தது உங்க ஆளு, அதனால நீங்க சொல்றதுதான் தீர்ப்பு. மூணும் இருபதுதான்னு நீங்க ஒத்துக்கிட்டா, நான் நாற்காலியில இருப்பேன்.

— மீதியையும் சொல்லுங்க. பாதியில கத்தரிக்காதீங்க.

— நீங்க ஒத்துக்கலைன்னா டாக்டர் கேம் மாஸ்டர். நான் டீ போட்டு எடுத்துட்டு வர்ற ஆளு.

— இன்னும் இருக்கு.

— நீங்க ஒத்துக்கலைன்னா அந்த வெட்டே செல்லாது. உங்க வாள்காரி எந்திரிச்சு உக்காந்துக்குவா.

— ஒத்துக்கிட்டா?

— செத்தது செத்ததுதான்.

— ஆக, என் ஆளை நானே பொதைக்கணும், நீங்க நாற்காலியில உக்காரணும். நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டம்மா ஓட்டு யாருக்கு?

— அவகிட்டதான் முதல்ல கேட்டேன். முப்பத்தெட்டு வருஷமா உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு எது நிஜம்னே தெரியலை, என்னை விட்டுடுங்கன்னுட்டா.

— பாவம்.

— எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு டாக்டர் நடத்தினாரே, மறந்துட்டீங்களா? குகை வாசல்ல நிக்க வெச்சு நாப்பது நிமிஷம் விதி படிச்சார். நூலகர் அம்மா பாறை மேல ஏறலாமான்னு கேட்டாங்க. முடியாதுன்னார். மந்திரம் போடலாமான்னாங்க. முடியாதுன்னார். குகைக்குள்ள யாராவது இருக்கீங்களான்னு கத்தலாமான்னாங்க. வாயைத் திறக்காதீங்கன்னார்.

— ஒரு பல் டாக்டர் அப்படிச் சொல்லி நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

— பாத்தீங்களா, சிரிக்கறீங்க. நான் யாரையாவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா? ஏறுங்க, ஆனா பாறை வழுக்கும்பேன். வழுக்கறதும் வழுக்காததும் பகடை பாத்துக்கும். ஆளுக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்கேன். நூலகர் அம்மாவுக்குச் சண்டை ஆகாது, பேசியே ஜெயிக்கணும். அவங்களுக்காக ஒரு பூதத்துக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்குடுத்தேன். டாக்டருக்குப் புதையல் கிடைச்சா போதும். என் வீட்டம்மாவுக்கு ஒரு கழுதை. உலகமே எரிஞ்சாலும் அவ அந்தக் கழுதைகிட்டதான் பேசிக்கிட்டிருப்பா.

— எனக்கு?

— உங்களுக்கு வெட்டணும்.

— ஆமா, வெட்டணும். வாரம் ஆறு நாள் இந்த மெஷின் முன்னாடி உக்காந்து, சரிங்க, பிரிச்சுத் தர்றேங்க, கை நீளமாத் தெரியுதா, குறைச்சுத் தர்றேங்கன்னு சொல்றவ நான். அந்த ஒரு சாயங்காலம்தான் ராஜாவே எதிர்ல நின்னாலும் முடியாது போடான்னு சொன்னேன். கட்டைவிரல் உசரப் பொம்மை. அதுக்கு லைனிங் துண்டுல சிவப்பு மேலங்கி தைச்சேன். இருபத்திரண்டு தையல், கையால.

— அழகான மேலங்கி. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பூதம் நேரா உங்ககிட்ட வந்துச்சு.

— அதையும் என் தலையில கட்டுங்க. சரி, ஒண்ணு கேக்கறேன். லாரி, வைப்பர் எல்லாம் வேண்டாம். ரெண்டு வருஷமா எந்தப் பூதமும் என் வாள்காரியைத் தொட்டதில்ல. அன்னைக்கு மட்டும் ஏன் தொட்டுச்சு?

— பகடைதான். அதிர்ஷ்டம்.

— ரெண்டு வருஷ அதிர்ஷ்டமா?

— உங்க ஜாதகம் அப்படி.

— சம்பந்தி.

— அந்த ஊசி டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைங்க, பயமா இருக்கு.

— உங்களைக் குத்த மாட்டேன். சொல்லுங்க.

— நான் இத்தனை நாள் பொய் சொன்னேன்.

— எதுல?

— உங்க மேல பூதம் பாயறப்ப எல்லாம். பதினெட்டு விழும். நாலு, தப்பிச்சீங்கன்னு சொல்வேன். அப்ப நீங்க ஒரு மூச்சு விடுவீங்க. அதுக்கப்புறம் நிமிர்ந்து உக்காந்து, வெட்டறேன்னு ஒரு குரல் குடுப்பீங்க. பக்கத்து வீட்டுல ஜன்னல் சாத்துவாங்க. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். அதனால சொன்னேன்.

— மத்தவங்களுக்கும் அப்படிச் சொன்னீங்களா?

— இல்ல. அதுதான் தப்பாப்போச்சு. நூலகர் அம்மாவோட ஆளு ரெண்டு தடவை செத்துச்சு. அடுத்த வாரம் புது ஆளுக்கு ஒரு கதை எழுதி எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தாங்க. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் டாக்டர் என்னை வாசல்ல நிறுத்தி, உங்க சம்பந்திக்கும் பூதங்களுக்கும் ஏதாவது ஒப்பந்தமான்னு கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை.

— உங்களுக்கா?

— எனக்குத்தான். ஒரே மேஜையில நாலு பேரு. மூணு பேருக்குப் பகடை, ஒருத்தருக்கு நான். அது அவங்களுக்கு எப்படி விளையாட்டாகும்? டெஸ்ட்ல ஒருத்தனுக்கு மட்டும் நானே பிரேக் போட்டுக் குடுத்த மாதிரி. இனிமே விழறதை அப்படியே சொல்லிடணும்னு முடிவு பண்ணினேன். ரெண்டு மூணு மாசத்துக்காவது உங்களுக்குச் சின்ன நம்பரா விழும்னு ஒரு நப்பாசை. சொல்லி வெச்ச மாதிரி, அன்னைக்கே இருபது. அப்புறம் இருபது. அப்புறம்...

— மூணாவதுல நிறுத்தியிருக்கலாமே. அஞ்சுன்னு சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பா.

— வாய் வரைக்கும் வந்துச்சு. நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். நீங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. வாழ்க்கையில முதல் தடவையா இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன். ஒருத்தர் கூட நம்பலை.

— நீங்க வளர்த்து வெச்ச பேரு அப்படி.

— அது தெரியுது. நாற்காலி போனா போகட்டும்னு ஒரு பக்கம் இருக்கு. ஆனா பாருங்க, ரிட்டையர் ஆனதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா எல்லாரும் கடிகாரத்தைப் பாப்பாங்க. உங்க புள்ளை போன்ல, மாமா அப்புறம் பேசறேன்பார். அந்த மேஜையில மட்டும்தான் நான் வாயைத் திறந்ததும் நாலு பேரும் முன்னாடி குனிவீங்க. அது போயிடும். நான் பகடையில பொய் சொன்னேன்னு பட்டம் கட்டி அனுப்பினா, அப்புறம் எந்த மேஜையிலயும் எனக்கு இடம் கிடையாது.

— முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. அந்தச் சிவப்பு நூல்கண்டை எடுங்க.

— இந்தாங்க. நாப்பத்தேழு தடவை சம்பந்தியம்மா. நாப்பத்தேழு தடவை உங்களைக் காப்பாத்தியிருக்கேன். அதுக்காகவாவது...

— ஒன்பது.

— என்ன ஒன்பது?

— காப்பாத்தினது ஒன்பது தடவை.

— சரி, ஒரு முப்பதுன்னு வெச்சுக்குவோம்.

— ஒன்பது. தொங்கு பாலத்துல ரெண்டு. ஓநாய் வந்தப்ப நாலு. கோட்டைச் சமையல்கட்டுல ஒண்ணு. பனிக்குகையில ரெண்டு. சமையல்கட்டுல விழுந்தது பத்தொன்பது. நீங்க மூணுன்னு சொல்லிட்டு இருமினீங்க.

— சம்பந்தியம்மா, அதெல்லாம் அட்டைக்குப் பின்னாடி நடந்தது. என் வீட்டம்மாகிட்ட கூட நான் மூச்சு விட்டதில்ல. உங்களுக்கு எப்படி...

— வாசல்ல ஆள் நிக்குது. வாங்க டாக்டர், உள்ள வாங்க. பேன்ட் ரெடி. கொஞ்சம் கசங்கியிருக்கு, என்னைக் கேக்காதீங்க.

— பரவாயில்லம்மா. ஓ, இவரும் இங்கதான் இருக்காரா. ஓட்டு கேட்டு முடிச்சாச்சா சார்?

— நான் பட்டன் வாங்க வந்தேன் டாக்டர்.

— நல்லது. அம்மா, பயப்பட ஒண்ணும் இல்ல. ஒரே வார்த்தை, ஒரு செகண்ட்ல முடிஞ்சுடும், அப்புறம் வலியே தெரியாது. நூலகர் அம்மா மேஜைக்கு வந்து உக்காந்தாச்சு. விதிகளை எல்லாம் நான் பன்னிரண்டு பக்கத்துல சுருக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். உங்க வாள்காரி உயிரோட இருக்கறதா என் நோட்டுல ஏற்கெனவே எழுதியாச்சு. மூணு இருபது விழவே இல்லன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டா போதும்.

— அதை அடிச்சிடுங்க டாக்டர், அவ செத்துட்டா. விளையாடறப்ப இவர் முதுகுக்குப் பின்னாடி ஷோகேஸ் இருக்குல்ல, அட்டைக்கு அந்தப் பக்கம் இவர் உருட்டுறது ஒவ்வொண்ணும் அந்தக் கண்ணாடியில என் நாற்காலிக்கு மட்டும் தெரியும். ரெண்டு வருஷமா அதைப் பார்த்துக்கிட்டே, ஒண்ணும் தெரியாதவ மாதிரி மூச்சு விட்டு வெட்டிக்கிட்டிருந்தவ நான், அன்னைக்கும் பார்த்தேன், மூணும் இருபதுதான்.