இடது கை மட்டும் லூசா

இல்லம்மா, ஊசிக்குச் சட்டைக் கைய மடிச்சு விடறதுக்கு ஒண்ணும் இல்ல, விடறேன். அவசரப்படாத. மொதல்ல அந்த ஐஸ் பெட்டிய வெயில்லேருந்து தள்ளு. பழைய ஃபிரிட்ஜ் வாங்கி ரிப்பேர் பண்ணி விக்கிறவன் நான், குளிர் வெளிய போனா எனக்கு உடம்பே சொல்லிடும். மூடி சரியா உக்காரல பாரு. ஆங், அழுத்து.

சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காய்ச்சலுக்குன்னு வந்திருக்கிற இந்தப் புது ஊசிய நீ போட்டுக்கிட்டியா?

ஏன் பெட்டியப் பாக்குற? பெட்டியா போட்டுக்கப் போகுது?

பயப்படாத தங்கச்சி, கத்த மாட்டேன். போன வருஷம் கத்தினேன். இதே வாசல், இதே கேள்வி. உனக்கு முன்னாடி வருவாங்களே, சோடாபுட்டிக் கண்ணாடி நர்ஸு, அவங்ககிட்ட. பாவம், அவங்களுக்குப் பொய் சொல்ல வரல. இன்னும் போடலண்ணே, புதுசு இல்லியா, கொஞ்சம் பாத்துட்டுன்னு இழுத்தாங்க. விட்டேனா நான்? தெருவே கேக்க, பாருங்கய்யா, தான் தொடாத சரக்க நம்ம தலையில கட்ட வந்திருக்காங்கன்னு ஒரு கூச்சல் போட்டேன். வரிசையில பதினோரு பேரு. மடிச்சு விட்ட கைய எல்லாம் எறக்கி விட்டுட்டு அவனவன் வீட்டுக்குள்ள போயிட்டான். பெரிய பேரத்துல ஜெயிச்ச மாதிரி மீசையத் தடவிக்கிட்டேன்.

அந்தம்மா மறு வாரமே திரும்ப வந்தாங்க. என் கடை முன்னாடி ஸ்டூலப் போட்டு உக்காந்து, டாக்டரக் கூட்டிட்டு வந்து, எல்லாரும் பாக்கத் தன் கையில குத்திக்கிட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உள்ள இருக்கிறது வெறும் தண்ணி, யாருகிட்ட நடிக்கிறீங்கன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க, போயிட்டாங்க.

உன் லிஸ்டுல என் பேருக்குக் கீழ இருக்கிற ரெண்டாவது பேரா? இரும்மா, அதுக்கும் வரேன்.

என் புத்தி அப்படி. எட்டாவதோட நின்னவன், தள்ளுவண்டியில ஆரம்பிச்சவன். விக்கிறவன் வீடு தேடி வந்தா அது போகாத சரக்கு, நாலு நாள் இழுத்தடிச்சா தானா எறங்கி வருவான். இந்தக் கணக்கு எனக்குத் தப்பினதே இல்ல. ஃபிரிட்ஜுல தப்பினதில்ல.

என் வீட்டுக்காரிக்கு மூச்சு இழுப்பு. அவளுக்கு ஊசி போட்டுக்கணும்னு ஒரே பிடிவாதம். ஆனா பத்து பேரு முன்னாடி ஜாக்கெட் கைய ஏத்தி விடக் கூச்சம். என்ன பண்ணா தெரியுமா? தையக்காரர்கிட்டப் போயி இடது கை மட்டும் லூசா வைங்கன்னு சொல்லிப் புதுசா ஒண்ணு தச்சுட்டு வந்துட்டா. நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஒரு கை உனக்கு, ஒரு கை உங்க அக்காவுக்கான்னு கேட்டேன். அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு, என்னங்க, போட்டுக்கட்டுமான்னா. ஒரு மாசம் பொறுடின்னேன். மறுபடி கேட்டா. நாலு பேரு போடட்டும், பாத்துட்டுப் போடலாம்னேன். மூணாவது தரம் கேக்கல. அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வந்து சும்மா முன்னாடி நின்னா. நான் மோட்டாரக் கழட்டிக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாக்கல.

அவ பொறுத்தாம்மா. காய்ச்சல்தான் பொறுக்கல.

லூசு கை வீணாப் போகல. ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தும்போது சுலபமா மேல ஏறுச்சு. ஏத்தினது யாருன்னு நெனைக்கிற, அதே கண்ணாடி நர்ஸுதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணேன்னாங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்த சொல்லிக் காட்டல. திட்டியாவது தொலைச்சிருக்கலாம்.

உன் லிஸ்டு பழசு, அவ இருந்தப்போ எழுதினது, அதான் அவ பேரு இருக்கு. அடிச்சுடு. அவளுக்குன்னு ஒண்ணு எடுத்துட்டு வந்திருப்பல்ல, அந்த எடத்துல உன் பேர எழுதிக்கோ. வண்டிகிட்ட நிக்கிறாங்களே உங்க பெரிய சிஸ்டர், அவங்களக் கூப்பிடு. மனசுல என்ன பயம் இருக்கோ எல்லாத்தையும் கேளு. தெருவுல எவனாவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கறேன்.

பேரம் இல்லம்மா இது. நீ போட்டாலும் போடாட்டியும் என் கை இதோ நீட்டியாச்சு.

இடதுதானே?